கிரானைட் மாதிரிகளில் சிர்க்கோனியம்: எக்ஸ்-கதிர் ஒளிர்வு முடிவும் ஐ.சி.பி.-எம்.எஸ். முடிவும் ஏன் ஒத்துப்போகவில்லை?

பாறைத்தடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிரானைட் பாறைத் தொகுதி ஒன்றின் வேதியியலை ஆராய்ந்து வருகிறேன். ஒவ்வொரு மாதிரியையும் நன்றாக அரைத்துக் கலந்து, அந்தப் பொடியின் ஒரு பகுதியை எக்ஸ்-கதிர் ஒளிர்வுப் பகுப்பாய்வுக்கும் (எக்ஸ்-கதிர் பட்டதும் தனிமங்கள் உமிழும் கதிரை அளக்கும் முறை), இன்னொரு பகுதியை ஐ.சி.பி.-எம்.எஸ். பகுப்பாய்வுக்கும் (கரைசலைப் பிளாஸ்மாவில் அயனியாக்கி, நிறைப்படி பிரித்து அளக்கும் முறை) வேறு வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பியிருந்தேன். முதல் ஆய்வகம் முதன்மை ஆக்சைடுகளை உருக்கிய கண்ணாடி வில்லையிலும், சுவடுத் தனிமங்களை அழுத்திய பொடி வில்லையிலும் அளந்தது. இரண்டாவது ஆய்வகம் ஹைட்ரோஃப்ளூரிக், நைட்ரிக், பெர்குளோரிக், ஹைட்ரோகுளோரிக் ஆகிய நான்கு அமிலங்களைக் கொண்டு, திறந்த கலத்தில், சூடேற்றும் தட்டின் மேல் பொடியைக் கரைத்து அளந்தது.

ருபிடியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் மூன்றும் இரண்டு முடிவுகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. சிர்க்கோனியம் மட்டும் முற்றிலும் விலகி நிற்கிறது. எக்ஸ்-கதிர் முறையில் 300 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 300 பங்கு) அளவில் வரும் மாதிரிகள் ஐ.சி.பி.-எம்.எஸ். அறிக்கையில் 110 பி.பி.எம். அளவில்தான் இருக்கின்றன. ஆய்வகத்தைக் கேட்டபோது, அதே தொகுப்புடன் கரைத்து அளந்த பி.எச்.வி.ஓ.-2 என்ற மேற்கோள் பாறையில் சிர்க்கோனியம் சான்றளிக்கப்பட்ட 172 பி.பி.எம். மதிப்பையொட்டியே வந்திருப்பதாகச் சொல்லி, அந்தத் தரவையும் அனுப்பினார்கள். அதில் குறை ஏதும் தெரியவில்லை.

சிர்க்கான் நிறைவுநிலை வெப்பநிலையை, அதாவது உருகிய பாறைக் குழம்பில் சிர்க்கான் என்ற சிர்க்கோனியக் கனிமம் படிகமாகத் தொடங்கும் வெப்பநிலையைக் கணக்கிடுவது இந்த ஆய்வின் முக்கியமான பகுதி என்பதால், எந்த எண்ணை எடுப்பது என்று முடிவு செய்யாமல் மேலே போக இயலாது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அலைநீளம் எழுதியது:

சுவடுத் தனிமங்களுக்கு ஐ.சி.பி.-எம்.எஸ். முடிவையே எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. அதன் கண்டறியும் எல்லை கரைசலில் ஒரு டிரில்லியனில் சில பங்குகள் வரை இறங்கும். எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையின் எல்லையோ பாறையில் சில பி.பி.எம். அளவில் நின்றுவிடும். மேலும், சிர்க்கோனியத்தின் கே-ஆல்ஃபா கோடு 15.77 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும், ஸ்ட்ரான்சியத்தின் கே-பீட்டா கோடு 15.83 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும் இருப்பதால், ஒன்றின் மேல் ஒன்று விழும். ஸ்ட்ரான்சியம் உள்ள பாறையில் இந்த மேற்படிவைச் சரியாகக் கழிக்காவிட்டால் சிர்க்கோனியம் கூடுதலாகவே தெரியும். மேற்கோள் பாறையில் சரியான மதிப்பைக் கொடுத்த ஆய்வகத்தைச் சந்தேகிப்பதற்கு முன், இந்த மேற்படிவு கழிக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

மூசை எழுதியது:

கேள்வி கேட்ட நண்பர் தம் பொடியை இரண்டு வழிகளில் அளக்கக் கொடுத்தது மிக நல்ல செயல். அவ்வாறு செய்திராவிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது. 110 என்ற எண் எந்தக் கேள்வியும் இல்லாமல் அட்டவணையில் ஏறியிருக்கும்.

முதலில் நண்பர் அலைநீளம் சுட்டிய மேற்படிவைக் கணக்கில் எடுத்துப் பார்ப்போம். ஸ்ட்ரான்சியத்தின் கே-பீட்டா கோடு அதன் கே-ஆல்ஃபா கோட்டின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். கிரானைட்டில் ஸ்ட்ரான்சியம் 150 பி.பி.எம். இருப்பதாகக் கொண்டு, அந்த ஆய்வகம் மேற்படிவை அறவே கழிக்கவில்லை என்றும் வைத்துக்கொண்டால்கூட, சிர்க்கோனியத்தின் மதிப்பு 25 பி.பி.எம். அளவுக்குத்தான் உயரும். இங்கே நாம் விளக்க வேண்டிய இடைவெளி 190 பி.பி.எம். ஆகவே அந்தக் காரணம் உண்மையானதே என்றாலும் இந்த வேறுபாட்டை விளக்கப் போதுமானதன்று.

கண்டறியும் எல்லை தாழ்ந்திருப்பதற்கும் முடிவு சரியாக இருப்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி பாறையை அளப்பதில்லை. தன்னிடம் வந்து சேரும் கரைசலைத்தான் அளக்கிறது. ஆர்கான் பிளாஸ்மாவின் வெப்பநிலை 6,000 கெல்வினுக்கும் மேலே இருக்கிறது, அதற்குள் எதுவும் தப்பாது என்பது மெய்தான். ஆனால் கரைசலாகாமல் கலத்தின் அடியில் தங்கிவிட்ட பரல் அந்தப் பிளாஸ்மாவுக்குள் போவதே இல்லை. கிரானைட்டில் உள்ள சிர்க்கோனியத்தின் பெரும்பகுதி சிர்க்கான் என்ற ஒரே கனிமத்தில் இருக்கிறது. அந்தக் கனிமம் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்கும் எளிதில் மசிவதில்லை. நீருடன் கலந்த ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் ஏறத்தாழ 112 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடுவதால், திறந்த கலத்தில் தட்டை எவ்வளவு சூடாக்கினாலும் அமிலத்தின் வெப்பநிலை அதற்கு மேல் ஏறாது. கதிரியக்கத்தால் படிக அமைப்புச் சிதைந்த சிர்க்கான் ஓரளவு கரையும். பயோட்டைட், ஆம்ஃபிபோல் போன்ற கனிமங்களில் கலந்திருக்கும் சிறிதளவு சிர்க்கோனியமும் கரைந்துவிடும். உங்களுக்குக் கிடைத்த 110 என்பது இப்படிக் கரைந்து வந்த பங்கு என்றே நான் கருதுகிறேன்.

பி.எச்.வி.ஓ.-2 சரியாக வந்ததற்கும் இதே காரணம்தான். அது ஹவாய் எரிமலையின் பசால்ட் பாறை. பசால்ட்டில் சிர்க்கோனியம் பைராக்சீனிலும், இரும்பு-டைட்டானியம் ஆக்சைடுகளிலும், கண்ணாடிப் பகுதியிலும் பரவிக் கிடப்பதால் அமிலத்தில் முழுமையாகக் கரைந்துவிடுகிறது. அந்தத் தரக்கட்டுப்பாட்டு மாதிரி கருவியின் அளவுத்திருத்தம் சரியாக இருந்தது என்பதை மெய்ப்பிக்கிறது. உங்கள் கிரானைட் கரைந்ததா என்ற கேள்வியைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஜி-2 கிரானைட்டையோ, 550 பி.பி.எம். சிர்க்கோனியம் கொண்ட ஜி.எஸ்.பி.-2 கிரானோடையோரைட்டையோ அதே அமில முறையில் கரைத்துக் காட்டுமாறு அவர்களைக் கேளுங்கள். அதிலும் முழு மதிப்பு வந்தால் நான் சொல்வது தவறென்று ஆகிவிடும்.

இன்னொரு சான்று உங்கள் கையிலேயே இருக்கிறது. சிர்க்கான் தன் படிக அமைப்பில் கன அருமண் தனிமங்களை ஏற்றுக்கொள்ளும்; இலேசான அருமண் தனிமங்களைப் பெரும்பாலும் ஏற்காது. எனவே இட்டெர்பியமும் லுட்டீசியமும் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்து, லாந்தனமும் சீரியமும் தாழாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பாறைத்தடம் எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு நன்றி. பார்த்தேன். காண்ட்ரைட் என்ற விண்கல் வகைக்கு ஒப்பிட்டு வரைந்த அருமண் கோட்டில், எர்பியத்துக்குப் பிறகு கோடு கீழ்நோக்கிச் சரிகிறது. அதை, கன அருமண் தனிமங்களைப் பிடித்துவைக்கும் கார்னெட் எஞ்சிய மூலப் பாறையின் அடையாளமாகப் பொருள் கொள்ளலாமா என்றுகூட எண்ணியிருந்தேன். இட்ரியமும் எக்ஸ்-கதிர் முடிவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது.

ஆனால் ஒரு குழப்பம். ஐ.சி.பி.-எம்.எஸ். அறிக்கையில் ஹாஃப்னியம் 3 பி.பி.எம். என்று வருகிறது. சிர்க்கோனியத்துக்கும் ஹாஃப்னியத்துக்கும் உள்ள விகிதம் அதன்படி 37. கிரானைட்டுகளில் பொதுவாகக் காணப்படும் மதிப்பும் இதையொட்டியதே. சிர்க்கோனியத்தில் மூன்றில் இரண்டு பங்கு தொலைந்திருந்தால் இந்த விகிதம் குலைந்திருக்க வேண்டாமா?

கதிர்மூலம் எழுதியது:

குலையாது. கரையாத பரலுக்குள்ளேயே இரண்டும் சேர்ந்து தங்கிவிடுகின்றன. கரைந்த பங்கிலும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. 300-க்கு 8 இருந்த இடத்தில் 110-க்கு 3 வந்திருக்கிறது, அவ்வளவுதான். விகிதம் ஒழுங்காக இருப்பதை வைத்துத் தனித்தனி அளவுகளும் ஒழுங்காக இருக்கின்றன என்று முடிவு கட்டும் கட்டுரைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். இந்த இரு தனிமங்களைப் பொறுத்தவரை அந்தச் சோதனை எதையும் மெய்ப்பிக்காது.

இவை எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு ஹாஃப்னியத்தின் வரலாறே சாட்சி. தனிமங்களின் எக்ஸ்-கதிர் அதிர்வெண்ணின் வர்க்கமூலம் அணு எண்ணோடு சீராக உயர்கிறது என்று 1913-இல் மோஸ்லி காட்டிய பிறகு, 72-ஆம் இடம் காலியாக இருப்பது தெளிவாயிற்று. அந்தத் தனிமத்தைப் பலர் அருமண் கனிமங்களில் தேடினார்கள். கோபன்ஹேகனில் காஸ்டரும் ஹெவிசியும் சிர்க்கோனியக் கனிமங்களின் எக்ஸ்-கதிர் நிறமாலையில் அதைக் கண்டறிந்து 1923-இல் அறிவித்தார்கள். அதுவரை வேதியியலாளர்கள் தூய சிர்க்கோனியம் என்று கையாண்ட பொருளிலெல்லாம் ஹாஃப்னியம் கலந்தே இருந்தது. வேதியியல் முறைகளால் எளிதில் பிரித்தறிய முடியாதபடி இரண்டின் அயனி ஆரமும் மின்சுமையும் ஒத்திருப்பதே காரணம். உங்கள் மாதிரிகளிலும் இதே ஒற்றுமைதான் இழப்பை மறைக்கிறது.

துகள்நோக்கி எழுதியது:

நண்பர் மூசை சொன்ன விளக்கத்தையே நானும் ஏற்கிறேன். ஆனாலும் கரைப்பில் நேரும் இன்னொரு இழப்பையும் விலக்கிய பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் கரைத்த பிறகு அதை முழுமையாக ஆவியாக்கி வெளியேற்றாவிட்டால், கால்சியம், மக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றின் ஃப்ளூரைடுகள் வீழ்படிவாகி, அருமண் தனிமங்களையும் தம்மோடு சேர்த்து அடியில் இழுத்துக்கொள்ளும். பெர்குளோரிக் அமிலத்தைச் சேர்த்து வெண்புகை வரும்வரை உலர்த்துவது இந்த ஃப்ளூரைடுகளைச் சிதைப்பதற்காகத்தான். அந்தப் படி அவசரமாக முடிக்கப்பட்டிருந்தால், லாந்தனம், சீரியம், தோரியம் போன்றவை குறைந்திருக்கும். உங்கள் தரவில் இலேசான அருமண் தனிமங்கள் தாழாமல், கடைசிக் கன அருமண் தனிமங்களும் சிர்க்கோனியமும் ஹாஃப்னியமும் மட்டுமே தாழ்ந்திருக்கின்றன. ஃப்ளூரைடு வீழ்படிவு இப்படித் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொள்ளாது; சிர்க்கான் எடுத்துக்கொள்ளும்.

உறுதி செய்ய எளிய வழி, கரைசலைச் சுழற்றிப் பிரித்து அடியில் தங்கியதைப் பார்ப்பதே. தெளிந்த கரைசல் என்பது கண்ணுக்குத் தெளிவாக இருப்பது மட்டுமே; சிர்க்கான் நிறமற்றது, மிகச் சிறியது, கலத்தின் அடியில் படிந்துவிட்டால் புலப்படாது. அந்த எச்சத்தைக் கார்பன் பட்டையில் ஒட்டி, ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பின்சிதறல் எலக்ட்ரான் பிம்பமாகப் பார்த்தால், அணு எண் மிகுந்த சிர்க்கான் பரல்கள் பளிச்சென்று தெரியும். கருவியோடு இணைந்த எக்ஸ்-கதிர் நிறமாலைமானி சிர்க்கோனியத்தையும் சிலிக்கானையும் அங்கேயே காட்டிவிடும்.

இனி, பரலின் அளவைப் பற்றி. ஒரு சிர்க்கான் பரலை 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரமாகக் கொள்வோம். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.65 கிராம், ஆகவே எடை 4.65 மைக்ரோகிராம், அதில் பாதி சிர்க்கோனியம். ஆய்வகம் கரைப்பதற்கு எடுத்த பொடி 100 மில்லிகிராம் என்றால், அந்த ஒரே பரல் கரைந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து முடிவு 23 பி.பி.எம். மாறும். அதே பரலின் பக்கம் பாதியாகும்படி அரைத்துவிட்டால், ஒரு துண்டின் பங்கு 3 பி.பி.எம். அளவுக்குக் குறைந்துவிடும். அரைப்பு நன்றாக இல்லாத பொடியில் ஒரே புட்டியிலிருந்து எடுத்த இரண்டு பகுதிகள் வேறு வேறு சிர்க்கோனிய மதிப்பைக் காட்டுவதற்கு இதுவே போதும். எனவே பொடி முழுவதும் 75 மைக்ரோமீட்டர் சல்லடையில் இறங்குகிறதா என்று பார்ப்பது, எந்த நிறமாலைமானியைப் பயன்படுத்துகிறோம் என்பதைவிட முக்கியமான கேள்வி. சல்லடையில் தங்கியதைக் கொட்டிவிடக் கூடாது. கடினமான கனிமங்கள்தாம் கடைசியில் தங்குகின்றன, அவற்றை மீண்டும் அரைத்துச் சேர்க்க வேண்டும்.

அரைக்கும் கலம் எதனால் ஆனது என்றும் சொல்லுங்கள். டங்ஸ்டன் கார்பைடு கலம் டங்ஸ்டனையும் கோபால்ட்டையும், சிலவற்றில் டாண்டலத்தையும் பொடியில் சேர்க்கும். குரோம் எஃகு குரோமியத்தையும் இரும்பையும் சேர்க்கும். சிர்க்கோனியா பீங்கான் கலமாக இருந்தால் இந்த விவாதத்தையே வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பாறைத்தடம் எழுதியது:

அகேட் கலத்தில்தான் அரைத்தேன். 75 மைக்ரோமீட்டர் சல்லடையில் முழுவதும் இறக்கியிருக்கிறேன்.

அலைநீளம் எழுதியது:

சிர்க்கோனியத்தைப் பொறுத்தவரை மூசையும் துகள்நோக்கியும் தந்த சான்றுகள் வலுவாக இருக்கின்றன. ஆனால் இந்த இழையைப் படிப்பவர்கள் அமிலக் கரைப்பையே கைவிட்டு, எல்லாவற்றுக்கும் உருக்கும் முறையை நாடிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

லித்தியம் போரேட்டுடன் பொடியைச் சேர்த்து 1,000 பாகைக்கு மேல் உருக்கும்போது ஈயம், துத்தநாகம், ஆர்செனிக், ஆன்டிமனி, தாலியம் போன்றவற்றில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். லித்தியத்தையும் போரானையும் அளக்கவே முடியாது. அவற்றைத்தான் நாமே கொட்டியிருக்கிறோம். உருகிய கண்ணாடியைக் கரைத்தால் கரைசலில் உப்புச் சுமை மிகுதியாகிவிடுகிறது. பிளாஸ்மாவின் முகப்புக் கூம்புகளில் படிவு சேராமல் இருக்க, கரைந்த திண்மம் ஏறத்தாழ 0.2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால், பாறையை ஆயிரக்கணக்கான மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டியிருக்கிறது. இளக்கியாகச் சேர்த்த போரேட்டில் உள்ள மாசும் கூடவே வருகிறது. அமிலக் கரைப்பில் சிலிக்கா டெட்ராஃப்ளூரைடாக ஆவியாகிப் போய்விடுவதால் கரைசல் இலேசாக இருக்கிறது. சீசியம், ஈயம், யுரேனியம் போன்றவற்றுக்கு இது பெரும் நன்மை. யுரேனியத்தின் ஒரு பங்கு சிர்க்கானுக்குள் இருப்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

கரைப்பு முழுமையாக இருந்தாலும் நிறை நிறமாலையில் வேறு சிக்கல்கள் உண்டு. கிரானைட்டில் மிக முக்கியமானது பேரியம் ஆக்சைடு. பேரியம்-135 அணு ஓர் ஆக்சிஜன்-16 அணுவோடு சேர்ந்தால் நிறை எண் 151. யூரோப்பியம்-151 இருக்கும் இடமும் அதுவே. பாறையில் பேரியம் 1,000 பி.பி.எம்., யூரோப்பியம் 1 பி.பி.எம். என்று கொள்வோம். பேரியத்தில் 135 நிறையுள்ள ஐசோடோப்பு 6.6 விழுக்காடு; பிளாஸ்மாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆக்சைடாகிறது என்றால், யூரோப்பியத்தின் மேல் ஏறத்தாழ 15 விழுக்காடு பொய்ச் சமிக்ஞை ஏறிவிடும். யூரோப்பியத்தின் எதிர்மறைப் பிறழ்வைக் கொண்டு பிளேஜியோகிளேஸ் பிரிந்ததை மதிப்பிடும் நாம், அந்தப் பிறழ்வின் ஆழம் எவ்வளவு என்பதில் இந்தத் திருத்தம் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். தூய பேரியம் கரைசலைத் தனியே ஓட்டித் திருத்தக் காரணியைக் கண்டறிந்தார்களா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். பிரசியோடிமியம் ஆக்சைடு கடோலினியத்தின் 157 நிறையிலும், நியோடிமியம் ஆக்சைடு டெர்பியத்தின் 159 நிறையிலும் விழுவதும் இதே வகைதான்.

மூசை எழுதியது:

நண்பர் அலைநீளம் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஒரே கரைப்பு முறை எல்லாத் தனிமங்களுக்கும் பொருந்தாது என்பதை நாம் ஏற்றுக்கொண்டால், கேள்வி எளிதாகிவிடுகிறது: ஆவியாகக் கூடியவற்றுக்கு அமிலக் கரைப்பு, கரையாக் கனிமத்தில் அடைபட்டவற்றுக்கு உருக்கும் முறை.

உருக்க இயலாத இடங்களில் வேறு வழிகளும் இருக்கின்றன. டெஃப்லான் கலத்தை எஃகு உறைக்குள் இறுக மூடி 190 பாகை அளவில் இரண்டு நாட்களோ அதற்கு மேலோ வைத்தால், உயர்ந்த அழுத்தத்தில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் சிர்க்கானையும் கரைத்துவிடும். 230 பாகையில் அம்மோனியம் பைஃப்ளூரைடைக் கொண்டு திறந்த கலத்திலேயே கரைக்கும் முறையும் நடைமுறையில் இருக்கிறது. அந்த உப்பின் கொதிநிலை உயர்ந்தது என்பதால், நான் முன்பு சொன்ன 112 பாகைத் தடை அங்கே இல்லை. இவை எல்லாமே ஃப்ளூரைடைக் கையாளும் முறைகள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலில் பட்டால் வலி தாமதமாகத் தெரியும், அதற்குள் அது திசுவின் கால்சியத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கு எட்டும் இடத்தில் இல்லாமலும், பயிற்சி பெற்றவர் உடன் இல்லாமலும் யாரும் அந்தப் புட்டியைத் திறக்கக் கூடாது. பெர்குளோரிக் அமிலத்தை அதற்கென்று அமைந்த, நீரால் கழுவப்படும் புகைக்கூண்டில் மட்டுமே ஆவியாக்க வேண்டும்.

உங்களிடம் ஏற்கெனவே உருக்கிய கண்ணாடி வில்லைகள் இருப்பதால், எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்றையும் சொல்கிறேன். முதன்மை ஆக்சைடுகளுக்காகச் செய்த அந்த வில்லையையே லேசர் கொண்டு சுரண்டி, அந்தத் துகள்களை நேரே ஐ.சி.பி.-எம்.எஸ். கருவிக்குள் செலுத்தலாம். சிர்க்கான் உருகிய போரேட்டில் கரைந்து கண்ணாடி முழுவதும் பரவியிருக்கும், அமிலமே தேவையில்லை, எக்ஸ்-கதிர் முறையில் கிடைத்த சிலிக்கா அல்லது கால்சியம் மதிப்பையே உள்ளகத் தரமாக, அதாவது மற்றவற்றை ஒப்பிடும் அறிந்த மதிப்பாகக் கொள்ளலாம். ஆக்சைடு மதிப்பும் சுவடுத் தனிம மதிப்பும் ஒரே கண்ணாடித் துண்டிலிருந்து வருவதால், பொடியைப் பங்கிட்டதில் நேரும் வேறுபாடு பற்றிய கேள்வியே எழாது. வில்லை உருவான பிளாட்டினம்-தங்க மூசையிலிருந்து சில உலோகங்கள் சிறிது கலக்கக்கூடும் என்பதை மட்டும் வெற்று வில்லை ஒன்றை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சல்ஃபைடு மிகுந்த பாறையாக இருந்தால் முதலில் நைட்ரேட்டால் ஆக்சிகரணம் செய்யாமல் உருக்கக் கூடாது, மூசையே பாழாகிவிடும்.

களக்கல் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி என்னிடம் இருக்கிறது. இதுபோன்ற சோதனைக்கு அது உதவுமா? அல்லது லேசர் பட்ட இடத்தில் எழும் ஒளியை அளக்கும் லேசர் தூண்டல் முறிவு நிறமாலைமானி சிறந்ததா?

கதிர்மூலம் எழுதியது:

உதவும், அதுவும் சிர்க்கோனியத்துக்கு நன்றாகவே உதவும். கையடக்கக் கருவி தடுமாறுவது இலேசான தனிமங்களில்தான். சோடியத்தின் கே கோடு 1.04 கிலோ எலக்ட்ரான் வோல்ட், மக்னீசியத்தினுடையது 1.25, இவ்வளவு ஆற்றல் குறைந்த கதிர்கள் பாறைக்குள்ளேயே சில மைக்ரோமீட்டர் தூரத்தில் அடங்கிவிடுகின்றன, தப்பி வந்தவற்றையும் இடையில் உள்ள காற்று விழுங்கிவிடுகிறது. சிர்க்கோனியத்தின் 15.77 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரோ மில்லிமீட்டர் அளவு ஆழத்திலிருந்தும் வெளியே வரும். ஆகவே அமிலத்தில் கரைக்கப் போகும் ஒவ்வொரு பொடியையும், ஓரளவு தடிமனாகக் கோப்பையில் நிரப்பி, மெல்லிய படலத்தால் மூடி, முன்கூட்டியே இந்தக் கருவியில் பார்த்து வைத்தால், கரைப்பு முழுமையாக இருந்ததா என்று பிறகு ஒப்பிட்டுச் சொல்ல முடியும். பாறையின் மேற்பரப்பில் நேரடியாக வைத்து அளப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வானிலையால் சிதைந்த தோல் வேறு, உள்ளே இருக்கும் பாறை வேறு.

ஈயமும் ஆர்செனிக்கும் சேர்ந்திருக்கும் மாதிரிகளில் கவனம் தேவை. ஈயத்தின் எல்-ஆல்ஃபா 10.55, ஆர்செனிக்கின் கே-ஆல்ஃபா 10.54. எந்தக் கையடக்கக் கருவியாலும் இவற்றைப் பிரித்துக் காண முடியாது, ஈயத்தின் 12.61 கோட்டை அளந்து, அதிலிருந்து கணக்கிட்டுக் கழிப்பதே வழி.

லேசர் முறிவு முறையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எக்ஸ்-கதிர் கருவி காணாத லித்தியம், பெரிலியம், போரான் ஆகியவற்றை அது காணும். தயாரிப்பே இல்லாமல் தொலைவிலிருந்தும் அளக்கும். செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தியின் கெம்கேம் கருவி 7 மீட்டர் தொலைவு வரை இதைச் செய்கிறது. 2023-இல் நிலவின் தென் துருவப் பகுதியில் பிரக்யான் ஊர்தி கந்தகத்தைக் கண்டதும் இம்முறையால்தான். ஆனால் லேசர் விழும் புள்ளி மிகச் சிறியது. கிரானைட் போன்ற பெரும்பரல் பாறையில் ஒரு புள்ளி குவார்ட்சில் விழும், அடுத்தது ஃபெல்ட்ஸ்பாரில் விழும். முழுப் பாறையின் சிர்க்கோனியத்தை அப்படி எடுக்க இயலாது.

பாறைத்தடம் எழுதியது:

என் கேள்வியின் எடை எவ்வளவு என்று நானே கணக்கிட்டுப் பார்த்தேன். வாட்சனும் ஹாரிசனும் 1983-இல் தந்த சிர்க்கான் நிறைவுநிலைச் சமன்பாட்டில், குழம்பின் வேதியியல் இயைபைக் குறிக்கும் 'எம்' (M) என்ற காரணிக்குக் கிரானைட்டுக்கு இயல்பான 1.3 என்ற மதிப்பை இட்டால், 300 பி.பி.எம். சிர்க்கோனியம் ஏறத்தாழ 850 பாகை செல்சியசைத் தருகிறது, 110 பி.பி.எம். 760 பாகையைத் தருகிறது. தொண்ணூறு பாகை வேறுபாடு என்பது நீர் மிகுந்த தாழ்வெப்ப உருகலா, வெளியிலிருந்து வெப்பம் வந்து சேர்ந்த உயர்வெப்ப உருகலா என்ற விளக்கத்தையே மாற்றிவிடும். ஏ-வகை (உயர்வெப்ப, நீர் குறைந்த) கிரானைட்டை அடையாளம் காண வேலனும் மற்றவர்களும் 1987-இல் பயன்படுத்திய அளவுகோலில் சிர்க்கோனியம், நையோபியம், சீரியம், இட்ரியம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை 350 பி.பி.எம். எல்லையாக இருக்கிறது. என் மாதிரிகள் ஒரு அறிக்கையின்படி அந்த எல்லைக்கு மேலேயும், மற்றதன்படி கீழேயும் விழுகின்றன.

மூசை சொன்னபடி, கண்ணாடி வில்லைகளை லேசர் முறையில் அளக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். ஜி.எஸ்.பி.-2 பொடியையும் இரண்டு முறைகளிலும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

துகள்நோக்கி எழுதியது:

சரியான எண் கிடைத்தாலும் அந்த வெப்பநிலையை எச்சரிக்கையோடு கையாளுங்கள். நீங்கள் அளப்பது முழுப் பாறையின் சிர்க்கோனியம். சமன்பாடு கேட்பது உருகிய குழம்பில் கரைந்திருந்த சிர்க்கோனியம். மூலப் பாறையிலிருந்து கரையாமல் வந்த பழைய சிர்க்கான் கருக்கள் பரல்களுக்குள் இருந்தால், முழுப் பாறை மதிப்பு குழம்பின் மதிப்பைவிட உயர்ந்துதான் இருக்கும், கணக்கிட்ட வெப்பநிலையும் அவ்வாறே உயர்ந்துவிடும். எலக்ட்ரான் கற்றை பட்டு ஒளிர்வதைக் காட்டும் கத்தோடொளிர்வுப் பிம்பங்களில் பழைய கருக்களின் பங்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டு 850 என்று எழுதுங்கள்.

பாறைத்தடம் எழுதியது:

லேசர் முடிவுகள் வந்துவிட்டன. சிர்க்கோனியம் எக்ஸ்-கதிர் மதிப்புகளோடு சில விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகிறது. ஹாஃப்னியம் 8 பி.பி.எம். அளவுக்கு உயர்ந்திருக்கிறது; விகிதம் கதிர்மூலம் சொன்னபடி அப்படியே இருக்கிறது. இட்டெர்பியமும் லுட்டீசியமும் உயர்ந்து, அருமண் கோட்டின் வலப்பக்கம் தட்டையாகிவிட்டது; கார்னெட் பற்றிய விளக்கத்துக்கு இனி இடமில்லை. ஜி.எஸ்.பி.-2 பாறையில் லேசர் முறை முழு மதிப்பைத் தந்தது, திறந்த கலத்து அமிலக் கரைப்பு தரவில்லை. எச்சத்தில் சிர்க்கான் பரல்களையும் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டோம்.

கடைசியாக ஒன்று. இதே தொகுதியைப் பற்றி முன்பு வெளியான தரவுகளை என் அட்டவணையோடு இணைக்க எண்ணுகிறேன். அவற்றில் சில வெறும் "ஐ.சி.பி.-எம்.எஸ்." என்று மட்டும் குறிப்பிடுகின்றன.

மூசை எழுதியது:

கரைப்பு முறை குறிப்பிடப்படாத தரவிலிருந்து ருபிடியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், இலேசான அருமண் தனிமங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். சிர்க்கோனியம், ஹாஃப்னியம், கன அருமண் தனிமங்கள் ஆகியவற்றை எடுக்காதீர்கள். அதே மாதிரிக்கு எக்ஸ்-கதிர் முறையில் அளந்த சிர்க்கோனியமும் அட்டவணையில் இருந்தால், இரண்டையும் ஒப்பிட்டு ஒத்துப்போகும் மாதிரிகளை மட்டும் சேர்க்கலாம். இரண்டு மதிப்புகளின் சராசரியை ஒருபோதும் எடுக்கக் கூடாது, ஏனெனில் இங்கே இருப்பது இரு பக்கமும் சிதறும் பிழையன்று, ஒரு பக்கம் மட்டுமே இழுக்கும் இழப்பு.

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதன்று. ரோட் தீவின் வெஸ்டர்லி கிரானைட்டான ஜி-1, வர்ஜீனியாவின் டயபேசான டபிள்யூ-1 ஆகிய இரண்டு பொடிகளையும் பல ஆய்வகங்கள் அளந்து, முடிவுகள் 1951-இல் ஒன்றாக வெளியிடப்பட்டபோது, தேர்ந்த ஆய்வகங்களுக்கு இடையிலேயே எதிர்பாராத அளவுக்கு வேறுபாடு இருந்தது தெரியவந்தது. மேற்கோள் பாறைகளைப் பகிர்ந்து அளக்கும் வழக்கம் வேரூன்றியது அதன் பிறகுதான்.

உங்கள் கட்டுரையின் செய்முறைப் பகுதியில், அமிலக் கரைப்பு மதிப்புகளையும் நீக்காமல் துணை அட்டவணையாகக் கொடுங்கள். ஒவ்வொரு நிரலின் தலைப்பிலும் கருவியின் பெயரோடு கரைப்பு முறை, எடுத்த பொடியின் எடை, அளந்த ஐசோடோப்பு அல்லது எக்ஸ்-கதிர்க் கோடு, அதே தொகுப்பில் அளந்த ஜி.எஸ்.பி.-2 மதிப்பு ஆகியவை இருக்கட்டும்.